கோஸ்டான் போன பின்சக்கரம்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சீதாலெட்சுமி வீட்டுக் கதவைத் திறந்தபோது, பால்கனியில் பூந்தொட்டிகளுக்கு நடுவே அடுக்கியிருந்த கற்களின் மேல் அந்தச் சின்ன வண்டி ஏற முடியாமல் கடகடத்துக் கொண்டிருந்தது. மோட்டார் முக்குகிறது, வண்டி நகரவில்லை. டக், டக், டக் என்று உள்ளே எதுவோ வழுக்குகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் கணவர் சிவநேசன் நாற்காலியில் உட்கார்ந்தபடி ரிமோட்டின் விசையை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். அதே சத்தம். ரிமோட்டை மடியில் போட்டுவிட்டார்.

"லோகனுக்கு போன் போட்டு, ஞாயித்துக்கிழமை நான் வரலன்னு சொல்லிடு" என்றார்.

சீதாலெட்சுமி தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அப்படியே நின்றாள். காலையிலிருந்து நின்ற கால்கள்தான், இன்னும் கொஞ்சம் நின்றால் என்ன ஆகிவிடப் போகிறது.

சிவநேசன் இருபத்து நாலு வருஷம் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கன்டேய்னர் லோரி ஓட்டியவர். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். பிழைத்துக்கொண்டார். நடக்கிறார், பேசுகிறார். வலது கை மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. உள்ளங்கையால் எதையும் தள்ளலாம், உருட்டலாம். விரலால் ஒரு திருகாணியைப் பிடிக்க முடியாது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் அவர் போகவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால், "எல்லாரும் கையத்தான் பாப்பாங்க" என்பார்.

உடம்பு நன்றாக இருந்த நாளில் அவருக்கு இருந்த ஒரே ஆசை இந்தப் பாறை ஏறும் ரிமோட் வண்டி. கிராலர் என்பார்கள். வேகமாக ஓடாது. ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவி ஏறும். கூட வேலை பார்த்த லோகனும் இன்னும் சில பேரும் ஞாயிறு காலையில் உலு லங்காட் பக்கம் ஓர் ஓடைக்கரையில் கூடி ஓட்டுவார்கள். ஏழு மாதமாக லோகன் வாராவாரம் கூப்பிட்டு, வாராவாரம் "இல்ல" வாங்கிக்கொண்டிருந்தான். போன புதன்கிழமை என்ன நினைத்தாரோ, "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டார். அன்று சாமி விளக்கில் சீதாலெட்சுமி ஒரு திரி கூடுதலாகப் போட்டாள்.

இந்த வாரம் போகாவிட்டால் இன்னொரு "சரி" வராது. அது அவளுக்குத் தெரியும்.

"லோரி மக்கர் பண்ணா வொர்க்‌ஷாப்ல விடுவீங்களா, இல்ல வேலைய விட்டு நின்னுடுவீங்களா?" என்றாள்.

"அதான் நின்னுட்டேனே."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "நீங்க சொல்லுங்க. நான் கழட்டுறேன்."

"நீயா?"

"ஏன், எனக்கு ரெண்டு கை இருக்குல்ல" என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அசதியில் வாய் முந்திவிட்டது.

சிவநேசன் சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கு ஒன்னர இருக்கு. மொத்தம் மூனர. போதும் லா" என்றார்.

அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ பாட்டுக்கு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடாத. கோமுட்டர் ரயில் மாதிரி நெனச்சுக்க. மோட்டார்ல கெளம்பி வீல் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனா எறங்கிப் பாக்கணும். மொத ஸ்டேஷன், மோட்டார் முனையில சின்னதா ஒரு பல்சக்கரம் இருக்கும். அத ஆட்டிப் பாரு."

ஆட்டிப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. அடுத்த ஸ்டேஷன் நடுப்பெட்டி. அதிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் போகிற இரண்டு தண்டுகளும் நன்றாகத்தான் சுற்றின. முன்சக்கரம் இரண்டையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, இடது கையால் விசையை இழுத்தார். மோட்டார் அப்படியே திணறி நின்றது. "முன்பக்கம் நல்லாருக்கு. இப்ப பின்னால புடி." பின்சக்கரங்களைப் பிடித்தாள். டக், டக், டக். சக்கரம் அவள் கையில் அசையாமல் இருக்க, அதற்குப் போகிற தண்டு மட்டும் ஜோராகச் சுற்றியது.

"பின் எக்சல். ரெண்டு பின்வீலுக்கும் நடுவுல இருக்குற பெட்டி. அதுக்குள்ள இருக்குற பெரிய கியருதான். தொற."

நாலு திருகாணி. மூடியைத் தூக்கியதும் கறுத்துப்போன கிரீசோடு ஒரு பல்சக்கரம் வழுக்கி அவள் உள்ளங்கையில் விழுந்தது. வெள்ளிக் காசு அளவுதான் இருக்கும். ஓர் ஓரத்தில் மூன்று பற்கள் மொட்டையாகியிருந்தன.

"எனக்கு மாதிரியே" என்றார் சிவநேசன், தன் கடைவாயைத் தொட்டுக் காட்டி. அவர் கேலி பேசி நாளாகியிருந்தது. சீதாலெட்சுமி சிரிக்க நினைத்தாள், கொட்டாவிதான் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை அவளுக்குப் பாதி நாள் வேலை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் அவள் சரக்கு சரிபார்க்கிறவள். லோரிகளை வாசல் மேடைக்குச் சரியாகக் கோஸ்டான் எடுக்க வைப்பதும் அவள் வேலைதான். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு அங்கே தமிழன், மலாய்க்காரன், சீனன் எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தைதான். லோரிக்கும் மேடைக்கும் நடுவே ஆள் நிற்கக் கூடாது என்பதால், டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி அவள் லோரிக்கு முன்னால் அவனைப் பார்த்து நின்றுகொண்டு சைகை காட்டுவாள். அவளுக்கு இடது அவனுக்கு வலது. பதினொரு வருஷத்தில் ஒருநாளும் அவள் தன் கையை நினைத்துப் பேசியதில்லை. வாயைத் திறந்தால் அவன் பக்கத்து இடது, அவன் பக்கத்து வலது.

மதியம் லோரிகள் ஓய்ந்ததும் ரயிலேறினாள். லோகன் முன்பு எப்போதோ சொல்லியிருந்த கடை பிரிக்பீல்ட்ஸில் இருந்தது. கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை உட்கார இடம் கிடைக்கவில்லை. புடவைக்கடைப் பாட்டுச் சத்தத்தையும் பூக்கடை வரிசையையும் தாண்டி, ஒரு மாடிப்படியை இரண்டு முறை நின்று நின்று ஏறினாள். கடைக்காரர் பெயர் மைதீன். திசுத்தாளில் மடித்துக் கொண்டுபோன கியரைப் பிரித்துக் காட்டினாள்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கைல இல்லக்கா. சொல்லி விட்டா ரெண்டு வாரம் ஆவும்."

"நாளைக்குக் காலையில வேணும் அண்ணே."

"எல்லாரும் நாளைக்குத்தான் கேப்பாங்க. யாரும் ரெண்டு வாரம் கழிச்சுக் கேக்குறதில்ல." சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து, "யாரு ஓட்டுறது? மகனா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு." அவள் கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். நடந்ததை நாலு வரியில் சொன்னாள். பக்கவாதம், ஏழு மாதம், புதன்கிழமை சொன்ன "சரி". அவ்வளவுதான்.

மைதீன் திரும்பினார். பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்து, அழகுக்கு வைத்திருந்த ஒரு பச்சை வண்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்து, அதன் பின் எக்சலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, அது உங்க வண்டியாச்சே. அப்புறம் ஓடாதே."

"அது ஓடி எங்கக்கா போவப் போவுது. கண்ணாடிக்குள்ளதான நிக்குது. புதுசு வந்ததும் அதுக்குப் போட்டுக்குறேன். நீங்க உக்காருங்க. அந்த ஸ்டூல்ல இருக்குற பெட்டிய கீழ வச்சிருங்க."

அவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளை ஒருவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. கியரோடு கொஞ்சம் கிரீசையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கடைகளில் தே தாரிக் டீயைப் பையில் கட்டித் தருகிற மாதிரி ஓரத்தை முறுக்கி ரப்பர் மாட்டிக் கொடுத்தார். "குடிச்சிராதீங்க" என்றார்.

கடவுள் பெரிய காரியங்களை எப்படி நடத்துகிறார் என்று சீதாலெட்சுமிக்குத் தெரியாது. சின்னக் காரியங்களை இப்படிப்பட்ட ஆட்களை விட்டுத்தான் நடத்துகிறார் என்று ரயிலில் நின்றபடி நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். சிவநேசன் மேசையைத் துடைத்து, பழைய தமிழ்ப் பேப்பர் விரித்து, திருகாணிகளை ஒரு தட்டில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். சட்டையும் மாற்றியிருந்தார். அவள் அதைக் கவனித்தாள்.

முந்தின நாள் மாதிரியே எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எக்சலின் திறந்த வாய் அவள் பக்கம் பார்த்திருந்தது. அவர் போன் டார்ச்சைப் பிடித்தார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவளுடைய புறங்கை மட்டும்தான் தெரியும்.

"கிரீச நல்லா பூசு. ரொட்டிக்கு மார்ஜரின் தடவுற மாதிரி இல்ல, தாராளமா." அவள் பூசினாள். "எந்தப் பக்கமா வைக்கிறது?" என்று கேட்டாள். எடுத்தபோது தானாக விழுந்துவிட்டதால் அது எந்தப் பக்கம் இருந்தது என்று அவள் பார்க்கவே இல்லை.

சிவநேசன் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். "வலது பக்கம்" என்றார்.

அவள் வைத்தாள். மூடினாள். நாலு திருகாணியையும் ஒன்றுக்கொன்று எதிர்மூலையாக முடுக்கினாள். வண்டியைக் கையில் தூக்கிப் பிடிக்க, அவர் விசையை இழுத்தார். நாலு சக்கரமும் சத்தமில்லாமல் வழவழவென்று சுற்றின. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தரையில் வைத்தார்கள். வண்டி நடுங்கியது. ஓர் அங்குலம் முன்னால் போகப் பார்த்து, அங்கேயே நின்று முக்கியது. தூக்கினால் சுற்றியது. வைத்தால் நின்றது. மூன்றாவது தடவை மோட்டாரிலிருந்து கருகின வாசனை வந்தது.

"சரியாத்தான் போட்டியா?"

"நீங்க சொன்ன பக்கம்தான் போட்டேன்."

"சொன்ன பக்கம் போட்டிருந்தா ஏன் ஓடல?"

"காலையிலருந்து நின்னுட்டு, பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போயி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். முடித்தால் அந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"உன்ன யாரு போகச் சொன்னா?" சிவநேசன் எழுந்தார். "லோகன்கிட்ட சொல்லிடு." அறைக் கதவு சாத்திக்கொண்டது.

அவள் போனை எடுத்தாள். லோகன் பெயரைத் தேடி வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். நம்பிக்கையினால் இல்லை. இவ்வளவையும் இன்னொருவனுக்கு விளக்கிச் சொல்ல அவளால் முடியவில்லை.

ஞாயிறு விடிந்ததும் குளித்து, விளக்கேற்றி, முருகன் படத்துக்கு முன்னால் நின்றாள். கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. "பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வண்டி தரையில்தான் கிடந்தது. பேப்பர் ஒன்றை விரித்து அதன் மேல் வைத்து, விசையை மெல்ல இழுத்தாள். எதற்கு இழுத்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் அவர் தூங்கும்போது அந்தக் கையை எடுத்து எடுத்து அசைத்துப் பார்த்தாளே, அந்த மாதிரிதான்.

வண்டி போகவில்லை. ஆனால் அடியிலிருந்த பேப்பர் போனது. முன்சக்கரம் பேப்பரைப் பின்னால் தள்ளியது. பின்சக்கரம் அதே பேப்பரை முன்னால் தள்ளியது. இரண்டுக்கும் நடுவில் பேப்பர் கசங்கி, மடிந்து, கூரை மாதிரி எழும்பி வண்டியின் வயிற்றை முட்டியது.

அவள் விசையை விட்டாள். மறுபடி இழுத்தாள். பேப்பர் இன்னும் கசங்கியது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. முன் வீல் முன்னால போகுது. பின் வீல் கோஸ்டான் போகுது."

சிவநேசன் எழுந்து வந்தார். தலை கலைந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பேப்பரைப் பார்த்தார். அவளை இன்னொரு தரம் இழுக்கச் சொன்னார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கியரு பக்கம் மாறியிருக்கு" என்றார். "பக்கம் மாறினா எக்சல் தல கீழா சுத்தும். தூக்கிப் பாக்குறப்ப நாலும் சுத்துதேன்னு விட்டுட்டோம், எது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கல. தொற."

அவள் அங்கேயே உட்கார்ந்து திறந்தாள்.

"பாரு. நான் வலதுன்னு சொன்னேன், நீ எடதுல போட்டிருக்க."

"நான் உங்க வலதுலதான் போட்டேன். எடது வலதுன்னா எனக்கு எப்பவும் டிரைவர் பக்கம்தான?"

சிவநேசன் எக்சலைத் தன் பக்கம் திருப்பினார், மறுபடி அவள் பக்கம் திருப்பினார். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பிக் கொண்டிருந்தார்கள்.

"நான் உன் வலதச் சொன்னேன்" என்றார்.

"என்னோடதா?"

"நீ எதிர்ல உக்காந்திருந்த. எனக்கு எடது பக்கம் வரணும். உனக்குக் கொழப்பம் வேணாம்னு திருப்பி யோசிச்சு உன் பக்கத்துலருந்து சொன்னேன்."

கண்ணை மூடி யோசித்தாரே, அது இதற்குத்தான். அவர் அவளுக்காகத் திருப்பினார். அவள் அவருக்காகத் திருப்பினாள். இரண்டு பேரில் ஒருவர் தன் பாட்டுக்குத் தன் கையை மட்டும் நினைத்திருந்தால் வண்டி நேற்றே ஓடியிருக்கும். இப்படிப்பட்ட தவறைக் கடவுள் கோபித்துக்கொள்வார் என்று சீதாலெட்சுமிக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் கோபம் வரவில்லை. நேற்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. இருந்தும் அசதி அப்படியே இருந்தது.

"நேத்து கத்திட்டேன்" என்றார் சிவநேசன், பல்சக்கரத்தைப் பார்த்தபடி.

"கத்தினீங்க" என்றாள். "நகருங்க, வெளிச்சம் வரல."

அவர் நகர்ந்து எதிர்ப்பக்கம் போகாமல் அவளுக்குப் பக்கத்தில் வந்து, தோளோடு தோள் சேர உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தார். இப்போது இரண்டு பேருக்கும் இடது ஒன்றாகத்தான் இருந்தது.

ஏழரைக்கு லோகன் கதவைத் தட்டியபோது எக்சல் இன்னும் திறந்தே கிடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணே, ஆபரேஷனா?"

"கோஸ்டான் கேஸ் லா" என்றார் சிவநேசன்.

லோகன் குனிந்து பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தான். "தொறக்குறதுக்கு முன்ன ஒரு போட்டோ புடிச்சிக்கணும் அண்ணி. நான் அப்படித்தான் தப்பிக்கிறேன். கொடுங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுத் தரேன்."

திருப்புளியை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கத்தான் இருந்தாள். விரலெல்லாம் வலித்தது.

"வேணாம்" என்றார் சிவநேசன். "அவ முடிச்சிடுவா. நீ உக்காரு. அங்க எல்லாரும் காத்துட்டு இருப்பாங்களா?"

"இருந்தா இருக்கட்டும் அண்ணே. கல்லு எங்கயும் ஓடிப் போவாது."

கடைசித் திருகாணியை முடுக்கி வண்டியைத் தரையில் வைத்தாள். சிவநேசன் விசையை இழுத்தார். வண்டி கசங்கின பேப்பரின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, லோகனின் காலடி வரை போய் நின்றது. யாரும் கைதட்டவில்லை. லோகன் அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போவோமா?" என்றான். சிவநேசன் தலை சீவிக்கொள்ள உள்ளே போனார்.

ஓடைக்கரையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். லோகனின் வேனிலிருந்து இறங்கும்போது சிவநேசன் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டதை சீதாலெட்சுமி பார்த்தாள். விமலன் என்ற இளைஞன் நேராக வந்து, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், வண்டியின் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தான். "என்ன டயரு அங்கிள் இது, இவ்வளவு சாஃப்ட்டா இருக்கு?" என்று கேட்டான். சிவநேசன் பதில் சொல்ல ஆரம்பித்தார். பாதி பதிலில், டயரைக் காட்டுவதற்காகக் கை பையிலிருந்து தானாக வெளியே வந்தது.

லோகன் ஒரு மடக்கு நாற்காலியை மரநிழலில் போட்டு அவளை உட்கார வைத்தான். தண்ணீர் போகிற சத்தம். கல்லில் ரப்பர் உரசுகிற சத்தம். நடுநடுவே ஆண்கள் ஒருவரை ஒருவர் கேலி பேசுகிற சத்தம், அதில் அவள் கணவர் குரலும் ஒன்று. இடது விரலால் விசையை இழுத்து, வலது உள்ளங்கையால் ரிமோட்டில் திசை திருப்பும் சின்ன வட்டை உருட்டி உருட்டி, அவர் வண்டியை ஒரு முழ உயரக் கல்லின் மேல் ஏற்றப் பார்த்துக் கொண்டிருந்தார். வண்டி இரண்டு தடவை சரிந்தது. அவள் கண்கள் மூடிக்கொண்டன. திறக்க நினைத்தாள், முடியவில்லை.

எவ்வளவு நேரம் ஆனதோ. பல குரல்கள் சேர்ந்து எழுந்ததில் தூக்கம் பாதி கலைந்தது.

"ஏத்திட்டீங்க லா அண்ணே" என்று லோகன் குரல். "அண்ணிய எழுப்புங்க. வந்து பாக்கட்டும்."

"வேணாம்" என்றது சிவநேசன் குரல். "விடு, தூங்கட்டும். அடுத்த வாரம் ஏத்திக் காட்டுறேன்."

சீதாலெட்சுமி கண்ணைத் திறக்கவில்லை. தலையை நாற்காலியின் மறுபக்கம் சாய்த்துக்கொண்டாள்.